கரி எண்ண வந்த பேரனுக்கு

வாடா கண்ணு, திண்ணையில சித்தெ உக்காரு. அந்த டேப்பைச் சுருட்டிப் பைக்குள்ள போடு. பாம்புக்குட்டின்னு நெனச்சுக் கோழி கொத்திப்போடும்.

போன மாசம் பஸ்ஸை உட்டு எறங்கினவன், தண்ணி குடிக்கறதுக்கு முந்தியே சொன்னே பாரு, "அப்பச்சி, நம்மூர்க் காட்டுல எத்தனை கரி இருக்குதுன்னு எண்ண வந்திருக்கறேன்"னு. உங்கமுச்சி அடுப்படியில நின்னு சிரிச்சா. உன்னைப் பாத்துச் சிரிக்கறாளாக்கும்னு நீ மொகத்தைச் சுளிச்சே. அவ சிரிச்சது என்னைப் பாத்து. இந்தக் காட்டுக்கரியை இருபது வருஷம் மூட்டை மூட்டையா வெளிய கொண்டாந்தவன் நான். மிச்சம் எத்தனைன்னு எண்ண என்ற மக வயித்துப் பேரனே வந்து நிக்கறான்.

கார்பன்னு நீ சொல்றதைப் பாடப்புஸ்தகத்துல கரிமம்னு போட்டிருக்குதாமா. பேரு நல்லாத்தான் இருக்குது. எங்களுக்கு அது கரி. இஸ்திரிக்காரருக்கும் கொல்லுப்பட்டறைக்கும் டீக்கடை பாய்லருக்கும் போற கரி. கரடு பூராவும் அரப்பு மரமும் வெள்வேலாமரமும் நின்ன காலத்துல, ராவோட ராவா வெட்டி அடுக்கி, தழையைப் போர்த்தி, மேல மண்ணைப் பூசி மூட்டம் போடுவோம். அது சர்க்கார் காடாச்சேன்னு கேக்காதே. கேட்டா எனக்குக் காது மந்தம்.

மூட்டத்துக்குக் காவல் உக்காரறது லேசுப்பட்ட வேலை இல்ல. முதல்ல வெள்ளைப் புகை கெட்டியா வரும். அது மரத்துல இருக்கற தண்ணி. அப்பறம் மஞ்சள் தட்டி, கண்ணு எரியற புகை. கடைசியில நூலாட்ட நீலப்புகை கிளம்பும் பாரு, அப்பத் தூங்கிட்டீன்னா காலையில சாம்பலைத்தான் அள்ளோணும். நீலம் கண்டதும் ஓட்டையெல்லாம் மண்ணு வெச்சு அடைக்கோணும். இத்தனை பாத்தும் அஞ்சு பாரம் வெறகு போட்டா ஒரு பாரம் கரி தேறினாப் பெரிசு.

நீ என்ன சொன்னே? 100 கிலோ காஞ்ச மரத்துல 47 கிலோ கரின்னு உலகம் பூராவும் ஒத்துக்கிட்ட கணக்குன்னு சொன்னே. அதைக் கேட்டு ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் புடிக்கலைடா. நான் 100 கிலோவுக்கு 20 கிலோ எடுத்துட்டுக் கெட்டிக்காரன்னு மீசையை முறுக்கிட்டு இருந்திருக்கறேன். மரத்துல இருந்த கரியில பாதிக்கு மேல என்ற கண்ணு முன்னாலயே புகையா மேல போயிருக்குது. அதைத்தான் இப்ப நீங்க கலெக்டர் ஆபீசுல இருந்து ஜெனீவா வரைக்கும் தேடிட்டிருக்கறீங்க.

சரி, எண்ண வந்துட்டே. எண்ணறதுன்னா எப்புடி எண்ணோணும்னு ரோசனை சொல்றேன், கேட்டுக்க. காசு வேண்டாம், ஒரு பொட்டலம் வெத்தலை போதும்.

நெஞ்சு உசரத்துல மரத்தைச் சுத்தி டேப்பைப் புடிக்கோணும்னு உன்ற புஸ்தகம் சொல்லுது. நான் யாரு நெஞ்சுன்னு கேட்டேன். நீ கோவிச்சுக்கிட்டு 1.3 மீட்டர்னே, நம்ம நாட்டு வனத்துறைக்காரங்க 1.37 வெச்சிருக்கறாங்கன்னும் சொன்னே. சர்க்காரு நெஞ்சு கொஞ்சம் நிமிந்த நெஞ்சு போல இருக்குது. சரிவுல நிக்கற மரத்துக்கு மேட்டுப்பக்கமா நின்னு அளக்கோணும், அது மறந்துறாதே. பள்ளத்துப் பக்கம் நின்னு அளந்தீன்னா நெஞ்சு இருக்கற எடத்துல முட்டிதான் இருக்கும்.

ஆகாசத்துல இருந்து படம் புடிக்கறாங்களே, அதைப் பத்தியும் சொன்னே. ஒரு எக்டேர் நெலத்துல பத்துல ஒரு பங்குக்கு மேல மர நெழல் விழுந்துதுன்னா அது காட்டுக் கணக்குல சேந்துருமாமா. அப்பறம் 40, 70ன்னு கோடு போட்டு அடர்த்தி பிரிப்பாங்களாமா. என்ற மண்டையைக் குனிஞ்சு காட்டறேன், படம் புடிச்சுட்டுப் போகச் சொல்லு. திறந்தவெளிக் காடுன்னு பட்டா குடுத்தாலும் குடுப்பாங்க. நம்ம பக்கத்துல கொள்ளு வெதைக்கற மேட்டுநெலத்தையே காடுன்னுதானே சொல்றோம். எங்க ஆளுக "காட்டுக்குப் போறேன்"னு சொன்னா புலியைப் பாக்கவா போறாங்க, களை வெட்டப் போறாங்க.

இப்ப விசயத்துக்கு வாரேன். நம்மூருக்கு ரெண்டு காடு. தெக்கால ஓடைக்கரையில இருக்கறது சாமிக்காடு. வடக்கால இருக்கறது மொட்டைக்கரடு. ரெண்டும் ஒரே மழையில நனையுது, ஒரே வெயில்ல காயுது, ரெண்டையும் பாத்துக்கறதும் இந்த ஊருச் சனந்தான்.

சாமிக்காட்டுல அருவா எடுக்கக் கூடாது. எங்க பாட்டன் காலத்துக்கு முந்தியே இருக்கற கட்டு. நோம்பிக்குப் பொங்கல் வெக்கற அன்னைக்கு மட்டும் கீழ விழுந்த சுள்ளியை அங்கயே பொறுக்கி அங்கயே எரிக்கலாம். ஒரு குச்சி ஊட்டுக்கு வந்தாலும் பாம்பு வரும்னு பயம். பாம்பு வந்ததோ இல்லியோ, பூசாரி வந்துருவாரு. மொட்டைக்கரட்டுக்குச் சாமி இல்ல, கார்டு இருந்தாரு. கார்டு வாரம் ஒருக்கா வருவாரு, எங்க கண்ணுக்கு அது போதும். 1997ல சப்பான்காரங்க கடன் குடுத்து தமிழ்நாட்டுல காடு வளர்க்கற திட்டம் வந்துதே, அதையொட்டிக் கிராம வனக்குழு போட்டப்ப மொட்டைக்கரட்டை ஊருகிட்ட ஒப்படைச்சாங்க. குழுவுல யாரைப் போடறதுன்னு பேச்சு வந்துது. மரம் எங்கெங்க நின்னுதுன்னு யாருக்கு நல்லாத் தெரியும்? கை எல்லாம் என்ற பக்கம் நீண்டுது. திருடனுக்குச் சாவி குடுத்தா பூட்டாச்சும் மிஞ்சும்னு ஊரு கணக்கு. நானும் வெக்கப்படாம வாங்கிக்கிட்டேன்.

நீ அஞ்சு பெட்டி சொன்னியே, அது எனக்குப் புடிச்சிருந்துது. மேல நிக்கற மரம் ஒண்ணு, மண்ணுக்குள்ள வேரு ஒண்ணு, செத்து விழுந்த கட்டை ஒண்ணு, சருகு ஒண்ணு, மண்ணு ஒண்ணு. கரி இந்த அஞ்சுலயும் கெடக்குதுன்னே. நான் திருடின காலத்துல இருந்து பாத்ததைச் சொல்றேன், எழுதிக்க. காடு கெடறப்ப மரப்பெட்டி முதல்ல காலியாகாது. முதல்ல சருகைக் கூட்டி எருக்குழிக்குக் கொண்டு போவோம். அப்பறம் செத்த கட்டை வெறகுக்குப் போகும். அப்பறம் ஆடு உள்ள எறங்கும், புதுசா மொளைக்கறது நாக்கோட போகும். இத்தனைக்கும் மரம் பூரா நிமிந்து நிக்கும்; ஆகாசப்படத்துல பச்சையாத்தான் தெரியும். கெழவன் நிக்கறான், ஊட்டுல குழந்தை இல்ல, அவ்வளவுதான். அருவா வரது கடைசியில. அதுக்கப்பறம் உண்ணிச்செடி வந்து பந்தல் போட்டுக்கும், அதுவும் பச்சைதான்.

நம்பலைன்னா கடப்பாரையை எடுத்துட்டு வா. சாமிக்காட்டுல போடு, வெண்ணெயில கத்தி எறங்கறாப்பல எறங்கும், தூக்கினா மண்ணு மணக்கும், கையில எடுத்துப் புழிஞ்சா புட்டுமாவாட்ட உதிரும். மொட்டைக்கரட்டுல போடு, டங்குன்னு சத்தம் வந்து உன்ற தோள்பட்டை கேக்கும், "எந்த ஊரு தம்பி?"ன்னு. நம்ம நாட்டுக் காடெல்லாம் சேத்து 7,204 மில்லியன் டன் கரின்னு 2021 அறிக்கையில போட்டாங்கன்னு நீதானே சொன்னே. அதுல 56 சதவீதம் மண்ணுக்குள்ளயாமா. மேல ஒரு அடி மண்ணை மட்டுந்தான், அதான் 30 சென்டிமீட்டர், தோண்டிப் பாத்துச் சொன்ன கணக்கு. ஒரு அடிக்குள்ளயே பாதிக்கு மேல. நாங்க அத்தனை பேரும் மரத்தைப் பாத்துட்டே திருடியிருக்கறோம். பெரிய புதையல் செருப்புக்கு அடியில கெடந்துருக்குது.

இனி காசு. இதுக்குத்தானே உன்ற கம்பெனிக்காரங்க உன்னை அனுப்பியிருக்கறாங்க. ஒரு டன் கரி மரத்துல ஏறினா 3.67 டன் கரியமில வாயு காத்துல இருந்து எறங்கிருச்சுன்னு அர்த்தம், அதுக்குச் சீட்டு எழுதி விக்கலாம்னு சொன்னே. 12 எப்புடி 44 ஆகுதுன்னும் வெரல் விட்டுக் காட்டினே. கரியோட ரெண்டு ஆக்ஸிசன் ஒட்டிக்கிட்டு இருக்குதாமா. எங்க காலத்துல பருத்தி மூட்டையில தண்ணி தெளிச்சு எடை ஏத்துவாங்க, நீங்க காத்தைச் சேத்து எடை போடறீங்க. பரவாயில்ல, இது நெசமான காத்து.

ஆனா ஒண்ணு கேட்டேன், அதுக்கு நீ பதில் சொல்லாம செல்போனைப் பாத்தே. சாமிக்காட்டுக்கு எவ்வளவு காசு? நீ மென்னு முழுங்கிச் சொன்னே, "அது ஏற்கனவே நல்லா இருக்குது அப்பச்சி, புதுசா ஏறினாத்தான் சீட்டு"ன்னு. அதாவது நூறு வருஷம் அருவா எடுக்காதவனுக்கு ஒண்ணும் கெடையாது. நாங்க வெட்டி மொட்டையடிச்சு வெச்சிருக்கறோமே, அங்க எடம் காலியா இருக்குதே, அது நெறையறதுக்குக் காசு. தண்ணி ஊத்தி நெறைஞ்ச கொடத்துக்கு மதிப்பில்ல, கவுத்து வெச்ச கொடத்துக்கு மதிப்பு. இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குதுடா கண்ணு. இத்தனை வருஷத்துல என்ற பொழப்புக்கு மருவாதை குடுத்த மொத சட்டம் இது.

அதனால பூசாரிக்கு ஒரு ரோசனை சொல்லலாம்னு இருக்கறேன். "சாமி, நீங்க ரொம்ப நல்லவரா இருந்துட்டீங்க. ஒரு பத்து வருஷம் ஆடு உட்டு, அருவா உட்டு, கரியும் போட்டுக்குங்க. மூட்டம் எப்புடிப் போடறதுன்னு நானே வந்து சொல்லித் தாரேன். அப்பறமா மனந்திருந்தி ஒரு போர்டு மாட்டுங்க. என்ற பேரன் டேப்போட வருவான்." அவரு பாம்பை ஏவி உடுவாரு. உடட்டும்.

நேபாளத்துக்காரங்க, நெறைஞ்ச கொடத்துக்கும் மதிப்புக் குடுக்கற சூட்சுமத்தைக் கொஞ்சம் கண்டுபுடிச்சுட்டாங்கன்னுதான் தோணுது. அங்கயும் எங்களாட்டத்தான் ஆரம்பம். 1957ல தனியார் காட்டையெல்லாம் சர்க்காரு எடுத்துக்கிச்சு. யாருது இது? சர்க்காருது. அப்ப வெட்டு. நம்மூரு மாதிரியே கேள்வி, நம்மூரு மாதிரியே பதில். வெட்டி வெட்டி மலை சரிஞ்சு வயக்காட்டுல விழுந்ததுக்கப்பறம், மெல்ல மெல்ல ஊருக்காரங்ககிட்டக் குடுத்துப் பாத்து, 1993 சட்டத்துல காட்டைப் பாத்துக்கற உரிமையைப் பயனாளிக் குழுவுக்கே எழுதிக் குடுத்தாங்க. இப்ப 22,000 குழுவுக்கு மேல இருக்குது. 1992ல நாட்டுல 26 சதவீதம் இருந்த காடு 2016ல 45 சதவீதம் ஆயிருச்சுன்னு ஆகாசப்படத்தை வெச்சே சொல்றாங்க. மரம் நட்டதால மட்டும் வந்ததில்ல அது. ஆடு எப்ப உள்ள போகலாம், தழை எந்த மாசம் அறுக்கலாம், சுள்ளிக்கு எந்தக் கெழமைன்னு அந்தந்த ஊரு உக்காந்து பேசினதுல பெரும்பாலும் தானா மொளைச்சுது.

அங்க கோர்க்கா, தோலகா, சித்வன்னு மூணு சில்லாவுல, காட்மாண்டுல இருக்கற ஐசிமோடுங்கற அமைப்பும் குழுக்களோட கூட்டமைப்பும் சேந்து 2009ல இருந்து 2013 வரைக்கும் இதே கரிச்சீட்டை ஒத்திகை பாத்தாங்க. 105 சமூகக் காடு, 10,000 எக்டேருக்கு மேல, காசு நார்வேயுது. அளந்ததும் ஊருச் சனமே. அடர்ந்த காடு தனி, வெட்டவெளிக் காடு தனின்னு பிரிச்சு, உன்ன மாதிரி டேப்பைப் புடிச்சாங்க. காசைப் பங்கு போட்ட முறையைப் பாரு. 100 ரூவாயில, ஏற்கனவே இருப்பு வெச்சிருக்கற கரிக்கு 24. புதுசா ஏத்தினதுக்கு 16. மீதி 60ம் சனத்துக்கு: ஏழைக் குடும்பம் எத்தனைன்னு பாத்து 20, தலித் குடும்பத்துக்கு 15, பொம்பளைகளுக்கு 15, பழங்குடிச் சனத்துக்கு 10. பூசாரிக்கு அங்க 24 கெடைச்சிருக்கும் பாரு. சுள்ளி பொறுக்காம அடுப்பை அணைச்சுட்டு உக்காந்தவ யாருன்னும் யாரோ ரோசிச்சிருக்கறாங்க.

ரொம்பச் சந்தோசப்பட்டுறாதே. 2011ல மொதத் தவணையாக் குடுத்தது 95,000 டாலர். எக்டேருக்குப் பிரிச்சா 9 டாலர் சொச்சம், அன்னைக்கு நம்ம பணத்துல 400 ரூவா. ரெண்டரை ஏக்கர் காட்டைக் காத்ததுக்கு ஒரு கெடா ஆட்டோட ஒரு கால் தேறும்; பொடிக்கால். அந்தக் காசுக்காகத்தான் அவங்க காட்டைக் காத்தாங்கன்னு யாராச்சும் சொன்னா, அவனை எங்கிட்டக் கூட்டியா. காசு வரதுக்கு எத்தனையோ வருசம் முந்தியே அங்க ஆடு கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. வெறகும் தீவனமும் வேணும், ஊத்துல தண்ணி வேணும், அதுதான் சங்கதி. கரி அவங்களுக்குக் கொசுறு.

அதனால நாளைக்கு ஊருக்கூட்டத்துல பேசறப்ப "கோடி வரும்"னு வாயைத் தொறந்துறாதே. நம்மாளுக கோடியை மனசுல வெச்சு இன்னைக்கே மாப்பிள்ளை பாக்கக் கெளம்பிருவாங்க. 30 வருசம் 40 வருசம்னு ஒப்பந்தம் போடறாங்களே, அதுல கைநாட்டு வெக்கறவன் எவனும் முடியறப்ப இருக்க மாட்டான். நடுவுல ஒரு பங்குனியில பீடித்துண்டு ஒண்ணு விழுந்தா கரி எந்தப் பக்கம் போகும்? அதை யாரு கட்டறது? ஒப்பந்தத்துல அந்தப் பக்கத்தை மட்டும் சத்தமாப் படிச்சுக் காட்டு. மத்ததை மெதுவாப் படிச்சாலும் போதும்.

ஆட்டைப் பத்தியும் கேளு. மொட்டைக்கரட்டை மூடினா ஆடு பட்டினி கெடக்குமா? பக்கத்தூருக் கரட்டுக்குப் போகும். நம்ம பக்கம் கரி ஏறும், அவங்க பக்கம் எறங்கும். உங்க பாசையில அதுக்குக் கசிவுன்னு பேராமா. நாங்க அதை "பக்கத்தூட்டுக்காரன் வவுத்தெரிச்சல்"னு சொல்லுவோம். 1997லயே அது நடந்துது. எங்க குழு பெருமையா வேலி போட்ட வருசம், பக்கத்தூருப் பெரியவரு வந்து, "உங்க காடு நல்லா வளருதுங்க, எங்க காட்டைத் தின்னு"ன்னு சொல்லிட்டு, குடுத்த மோரைக் குடிக்காமப் போனாரு.

மரம் நடறதுக்கு ஆயிரங்குழி கேப்பாங்க உன்ற கம்பெனியில. போட்டோவுக்கு நல்லா இருக்கும், நடட்டும். ஆனா மொட்டைக்கரட்டுல கட்டையைக் கிளறிப் போட்டுறச் சொல்லாதே. வங்காளத்துல அராபாரின்னு ஒரு எடம், மேதினிப்பூர்ப் பக்கம். 1972ல அஜித் குமார் பானர்ஜின்னு ஒரு வன அதிகாரி 11 ஊருச் சனத்தைக் கூப்பிட்டு, 1,272 எக்டேர் மொட்டைச் சால்காட்டைக் காட்டி, "இதைக் காத்தா வெட்டறப்ப 100க்கு 25 உங்களுக்கு"ன்னாரு. 618 குடும்பம். நாத்து நட்டு வந்த காடு அது இல்ல பெரும்பாலும்; வெட்டுப்பட்ட கட்டைக்குக் கீழ வேர் உசுரோட இருந்துது, மேல வாய் வெக்க ஆளு இல்லாமப் போனதும் கிளம்பிருச்சு. நம்ம அரப்பும் அந்தச் சாதிதான். வெட்ட வெட்டத் தழையும். நான் 80 தடவை வெட்டியும் சாகாதது அது ஒண்ணுதான்; உங்கமுச்சி ரெண்டாவது.

நேத்து மொட்டைக்கரட்டு ஓரத்துல ஒரு கட்டையில ஏழு தும்பு கெளம்பி நின்னுதே, நீ டேப்பைப் போட்டுப் பாத்துட்டு, "பத்து சென்டிமீட்டர் விட்டம் இல்ல அப்பச்சி, கணக்குல சேராது"ன்னு தாண்டிப் போனியே. அது என்ற கை வெட்டின கட்டை. வேர் எனக்கு முந்திப் பொறந்தது. உன்ற தாள்ல அதுக்குச் சைபர்.

அப்பறம் அந்த ஏழாம் நம்பர் குழி. அதை நான் சொல்லாம இருக்கலாம்னுதான் இருந்தேன்.

போன மாசம் நீ மொட்டைக்கரட்டுல பத்து எடத்துல மண்ணு எடுத்துட்டுப் போனே. மண்ணு ஆய்வுக்குப் போயி, தாள் திரும்பி வந்துது. ஒம்போது எடம் சொறிமண்ணு, ஏழாம் நம்பர் மட்டும் மத்ததைப் போல நாலு மடங்கு கரி. சாமிக்காட்டையே தூக்கிச் சாப்பிட்டுருச்சு. "இந்த எடத்துல ஏதோ பழைய அடர்காடு இருந்திருக்குது அப்பச்சி, மண்ணே கருப்பா இருக்குது"ன்னு கண்ணெல்லாம் வெளிச்சமாச் சொன்னே. கட்டம் போட்டு, சுத்தி வட்டம் போட்டு வெச்சிருக்கறே. உன்ற மேனேசரு அதைப் பாத்துட்டுப் பாராட்டினாராமா.

அது மூட்டம் போட்ட எடம்டா. ஆறு வருசம் அதே எடத்துலதான் போட்டேன். காத்து மறைவு, ரோட்டுல இருந்து பாத்தாத் தெரியாது. உதிர்ந்த கரித்தூள் மண்ணோட கலந்து அப்படியே கெடக்குது. கரித்தூள் மக்காது, நூறு வருசம் ஆனாலும் கெடக்கும். காட்டுலயே நல்ல மண்ணுன்னு நீ வட்டம் போட்டது என்ற திருட்டுக்குழி.

என்ன, மொகம் சுருங்கிப்போச்சு? திருத்தோணும்னா திருத்து. அந்த எடத்தை உட்டுட்டு அக்கட்டால பத்தடி தள்ளித் தோண்டு. பேரு மட்டும் எழுதிறாதே, வனக்குழுவுல இன்னும் என்ற பேரு இருக்குது.

எந்திரி. உங்கமுச்சி ராகிக்களி கிண்டி வெச்சிருக்கறா, ஆறினா உருண்டை புடிக்காது. கேஸு தீந்து நாலு நாள் ஆச்சு. அடுப்புல எரியற வெறகு எந்தக் காட்டுதுன்னு மட்டும் அவகிட்டக் கேட்டுறாதே.